விரலுக்கு ஓர் ஆள்

மலேரியா குறைந்துவிட்டதற்காக வருத்தப்படுகிற மனிதன் சித்தூர் மாவட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. கொசுவலை விற்பவன்கூட இவ்வளவு வெட்கமில்லாமல் ஏங்கமாட்டான். ஆனால் பணிக்காலம் முழுக்க ஒரு கிருமியின் முகத்தில் விழித்துவிட்டு, அது ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டால், எதிர்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனது போலத்தான் இருக்கிறது. நல்லவர் இல்லை. இருந்தாலும் எதிர்வீடு.

அண்மையில் திருப்பதியில் புதிய லேப் டெக்னீஷியன்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஓய்வு பெற்ற சாமான்களில் இன்னும் ஓடக்கூடியது என்று என்னைக் கூப்பிட்டு, ஒரு சால்வையும் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், நாங்க யாரும் உயிரோட ஒரு பாசிட்டிவ் ஸ்லைடு பார்த்ததே இல்ல. எல்லாம் போட்டோதான். நீங்க பார்த்ததுல மறக்க முடியாதது எது சார்?"

சாயம் ஏற்றிய ஸ்லைடில் எதுவும் உயிரோடு இருக்காது என்று திருத்தியிருக்கலாம். அவள் சொன்ன விதமே எனக்குப் பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன். மூளையைத் தாக்கிய மலேரியாவோடு வந்து பிழைத்த ஒரு லாரி டிரைவரைப் பற்றி, சால்வைக்குத் தகுந்தபடி, ஏதோ சொன்னேன். கை தட்டினார்கள். சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உண்மையான பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், பதில் பஸ்ஸில்தான் வரும்.

என் நைனா சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர். என்னைப் போதகராக்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் லேப் டெக்னீஷியன் ஆனேன். தலையைக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் ஜெபம் போலவே இருக்கும் என்பதில் அவருக்கு ஓரளவு ஆறுதல். ஒரு வருடம் படிப்பு. பிறகு பங்காருபாளையத்தில் கொஞ்ச காலம். மாங்காய் மண்டிக் கூலியாட்கள் ஜுரத்தோடு மூட்டை தூக்கிவிட்டு வந்து கை நீட்டுவார்கள்; அவர்கள் ரத்தத்தில் கிருமியைத் தேடித் தேடிக் கண் பழகியது. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

பிறகு தாராளமயம் வந்தது. அது எங்கள் பக்கத்துக்கு என்ன கொண்டுவந்தது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லட்டும். நான் கண்டது இதுதான்: வந்தவை எஸ்.டி.டி. பூத், குளிர்பானம், நான் மாற்றலாகிப் போயிருந்த திருப்பதி ஆய்வுக்கூடத்துக்கு மரபணுவை நகலெடுக்கும் ஒரு பிசிஆர் இயந்திரம். போனவர்கள் ஜனங்கள். பெங்களூரில் ஒவ்வொரு மாடி எழும்பும்போதும் எங்கள் எல்லைக் கிராமங்களில் ஒரு தெரு காலியானது. மெட்ராஸ், மங்களூர், பம்பாய் என்று பஸ் போகிற இடத்துக்கெல்லாம் போனார்கள். என் வீட்டிலும் அது பிற்பாடு நடந்தது. மகன் பெங்களூர், மகள் அதையும் தாண்டி எங்கோ. நாங்கள் சாப்பிட உட்காரும்போது அவள் தூங்கப் போகிறாள்.

அந்த பிசிஆர் இயந்திரத்தோடு ஆராய்ச்சிக்கு வந்தவர் மேடம். குண்டூர்க்காரர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது தெலுங்கில் ஏறித் தமிழில் இறங்குவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தால் நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம்.

மைக்ரோஸ்கோப்பில் வைவாக்ஸ் மலேரியாக் கிருமிகள் எல்லாம் ஒரே ஜாடைதான். மேடம் செய்ய வந்தது அவற்றின் பூர்வீகத்தை விசாரிக்கிற வேலை. எந்தக் கிருமி எந்தக் கிருமிக்கு உறவு, எது எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்து யார் உடம்பில் குடியேறியது என்பதை மரபணுவை வைத்துச் சொல்வது. கிராமத்தில் ஜுரக்காரர் விரலைக் குத்தி, ஸ்லைடில் ஒரு துளி, கூடவே வடிதாளில் ஒரு துளி எடுப்பார்கள். தாளைக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட கவரில் மூடி அனுப்புவார்கள். மணிகள் நீலமாகவே வந்துசேர்ந்தால் நல்ல மாதிரி. ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தால் வழியில் மழை. சில தாள்களில் பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கும். காயும்போது எறும்புக்குப் பிடித்துப்போயிருக்கும்.

தாளில் ஒரு சிறு வட்டத்தை வெட்டியெடுத்து, கழுவி, கொதிக்கவைத்து, கிருமியின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் இயந்திரத்தில் நகலெடுப்போம். அந்த நகலைப் பாளம் போன்ற ஒரு ஜெல்லியில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், துண்டுகள் தத்தம் நீளத்துக்கேற்ப ஓடி நிற்கும். புற ஊதா விளக்கில் பளிச்சென்று கோடுகள் தெரியும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரிசை, அதில் சில கோடுகள். அதைப் போட்டோ எடுப்போம். அதுதான் ஜாதகம்.

அந்தப் போட்டோவை மேடம் முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார். மேலே எழுதியிருக்கும் ஊர், பெயர் எதுவும் கண்ணில் படக்கூடாது.

"பேரு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்" என்பார். "முந்து சூசிந்தி செப்பு. பார்த்ததை முதல்ல சொல்லு. நினைச்சதெல்லாம் அப்புறம்."

நான் வாழ்நாளெல்லாம் நினைத்ததை மட்டுமே பேசிப் பழகியவன். பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னால் ஆரம்பத்தில் எனக்கு வாயே வரவில்லை. "கோடு இருக்கு மேடம்." "எத்தனை?" "மூணு." "அவ்வளவுதானே? இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

எங்கள் பக்கத்து வைவாக்ஸ் கிருமிகளின் கோடுகள் ஆளுக்கு ஆள் மாறும். திருமலையில் தர்ம தரிசன வரிசை எப்படி இருக்கும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு முகம். அப்படித்தான். அந்த வரிசையில் ஒரே முகமுள்ள எட்டுப் பேர் அடுத்தடுத்து நின்றால்?

நின்றார்கள். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. நிலமில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் மனை கொடுத்து, சின்னச் சின்ன வீடாகக் கட்டிக் கொடுத்த இடம். அங்கிருந்து வந்த எட்டுப் பேரின் ரத்தத்திலும் அதே கோடுகள். அதிலும் ஒரு கோடு எங்கள் ஜில்லாவில் நாங்கள் பார்த்தே இராத கோடு. மங்களூர்ப் பக்கத்து மாதிரிகளில் மட்டும் மேடம் பார்த்திருந்தார்.

மேடம் போட்டோவைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். நேராக வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கலந்துடுச்சா?"

ஒருவரின் மாதிரி இன்னொருவரின் குழாயில் சிந்திவிட்டதா என்று கேட்கிறார். டெக்னீஷியனைக் கேட்கக்கூடிய கேள்விகளில் அதுதான் கெட்ட வார்த்தை. தாள்களிலிருந்து புதிதாக வெட்டி, புதிய குழாய்களில், நடுவே வெறும் தண்ணீர் விட்ட குழாய்களும் வைத்து, முதலிலிருந்து செய்தேன். தண்ணீரில் ஒரு கோடும் இல்லை. எட்டில் அதே கோடுகள். மறுபடியும் செய்தேன். அதேதான்.

அன்றைக்கு மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கிருந்தோ ஒரேயொரு கிருமி அந்தக் காலனிக்குள் நுழைந்து, அதன் சந்ததி மட்டும் வீடு வீடாகப் பெருகியிருக்கிறது. ஒரு குடியேற்றத்தை அதன் முதல் நாளிலேயே பிடித்துவிட்டோம். இப்படி ஒன்று ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆயுளில் ஒருமுறை கிடைத்தால் அதிகம். தில்லியில் இந்த ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்த பெரியவருக்கு உடனே போன் போயிற்று. அவர் அங்கிருந்து கத்திய சந்தோஷம் எனக்கு வராந்தாவில் கேட்டது.

ஆனால் மேடம் மேடம்தான். "எழுதறதுக்கு முன்னாடி நீ போய்ப் பார்த்துட்டு வா. எந்த வீட்டுக்கு எது பக்கம், யார் எங்கே படுக்கறாங்க, தண்ணி எங்கே தேங்குது. பார்த்தது மட்டும்."

அந்தக் காலனியில் ரத்தம் எடுத்தவர் முனிரத்தினம். வீடு வீடாகப் போய் ஜுரம் விசாரித்து விரல் குத்தும் சுகாதாரப் பணியாளர். ஊரில் 'மலேரியாக்காரரு' என்றால் அவர்தான். அவரைத் துணைக்குக் கூப்பிட்டபோது ரோடு சரியில்லை என்றார். அடுத்த வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார். அதற்கடுத்த வாரம், "அங்க இன்னா சார் கீது பாக்க? எல்லாம் வீடுதான்" என்றார்.

ஒருவழியாகப் புறப்பட்டோம். புத்தூரில் பஸ் நின்றபோது கையிலும் காலிலும் கட்டுப் போட்டவர்களாக ஏறினார்கள். எலும்பு முறிவுக்கு அந்த ஊர்க் கட்டு பிரசித்தம். முனிரத்தினம் அவர்களை ஒருவித ஏக்கத்தோடு பார்த்தார். தனக்கும் எங்காவது முறிந்திருந்தால் இந்தப் பயணம் தப்பியிருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

காலனியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லா வீட்டு முன்னாலும் கொடி கட்டித் துணி காய்ந்தது. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. ஜனங்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் போல என்று காகிதத்தில் வீடுகளைப் படமாகப் போட ஆரம்பித்தேன். ஒரு வீட்டு முன்னால் நின்றேன். எங்கள் தாளின்படி அந்த வீட்டில் ரத்தம் கொடுத்த பெண் பள்ளிக்கூடம் போகிற வயசு. கொடியில் தொங்கியது கைக்குழந்தையின் கவுன். ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து, மடிப்பில் மட்டும் பழைய சிவப்பு மிச்சமிருந்தது. பக்கத்திலிருந்த சட்டையைத் தொட்டேன். அதை நனைத்தே வெகு காலம் ஆகியிருந்தது.

"முனிரத்தினம், இவங்கள்லாம் எங்கே?"

"வேலைக்குப் பூட்டாங்க சார்."

"எங்கே வேலை?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பெங்களூர்ல கொஞ்சம் பேரு. மங்களூர்ல கொஞ்சம் பேரு."

"அப்ப ரத்தம்?"

"சார், ஊரே காலியானா நான் யார் விரலைக் குத்துவேன்? ஆபீஸ்ல ஸ்லைடு எங்க, ஸ்லைடு எங்கன்னு உயிரை வாங்குறாங்க. நான் ஒண்ணும் தண்ணியத் தொட்டு வெக்கலியே. பேரு நெசம். வீடு நெசம். ரத்தமும் நெசம். மூணும் ஒரே ஆளுதா இருக்கணும்னு எந்த கவர்மெண்டு ஜி.ஓ.ல சார் போட்டுகிது?"

படம் போட்டிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

கடைசி வீட்டிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். ஐம்பது வயசிருக்கும். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் மேலே இரண்டு புடவை, அதற்கு மேல் ஓர் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் துண்டு. பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. தேசம்மா. அந்தக் காலனியில் நிஜமாகவே குடியிருந்த ஒரே ஆள்.

"இன்னா முனிரத்தினம், மறுபடியும் குத்தணுமா? யார் யாருக்கு?" என்று வலது கையை நீட்டினார்.

"இல்லக்கா. இவரு திருப்பதி லேப் சாரு."

திருப்பதி என்றதும் கை உள்ளே போய்விட்டது. "வீடு விஷயமாவா?"

நான் இல்லையென்று சொல்லி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். தேசம்மாவுக்கு மறைக்கத் தெரியவில்லை. அந்த வீடுகளில் ஒன்று மகன் ஏழுமலையுடையது. மற்றவை தங்கச்சி, கொழுந்தன், அக்கம்பக்கம். பூட்டிக் கிடந்தால் பட்டாவை ரத்து பண்ணி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். போகிறவர்கள் எல்லோரும் சாவியைத் தேசம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தினம் எல்லா வாசலும் பெருக்கி, எல்லாக் கொடியிலும் துணி போட்டு, முறை வைத்து ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் சோறு பொங்கி, ஒரே ஆளாக ஓர் ஊரை நடத்திக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்க வந்தபோது பெயரைக் கூப்பிட்டதும் விரலை நீட்டினார். கவர்மெண்டு வந்து பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்று சொன்னால் வீடு போய்விடும் என்பது அவர் பயம்.

"எத்தனை விரல் கொடுத்தீங்க?"

"எட்டு. கட்டை விரல் ரெண்டையும் குடுக்கல சார். கைநாட்டுக்கு வேணுமே."

"ஒரே விரல்ல எடுத்திருக்கலாமே அம்மா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு விரலுக்கு ஒரு ஆளு சார். ஒரே விரல்ல எடுத்தா எல்லார்தும் கலந்துடாது?"

இயந்திரமும் மேடமும் நானும் வாரக்கணக்கில் அஞ்சிய அதே கலப்பு. எங்களைவிட அவர் முன்ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்.

எட்டுப் பேருக்கும் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. ரிப்போர்ட் போனால் மாத்திரை வரும். குளோரோகுயினும், ஈரலில் தூங்கும் கிருமியைக் கொல்ல இரண்டு வாரம் தினமும் விழுங்கவேண்டிய இன்னொன்றும். எட்டுப் பேரின் மாத்திரையையும் இவரே விழுங்கிவிட்டாரோ என்று பயந்து, எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் விழுங்கியிருந்தால் தேசம்மா என் முன்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்க முடியாது. அதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவர் உள்ளே போய் எட்டுச் சின்ன மூட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் யாருடைய மாத்திரையோ அவருடைய பழைய துணியில் ஒரு துண்டைக் கிழித்து அதில் முடிந்திருந்தார். கட்டம் போட்ட லுங்கித் துணி ஏழுமலை. பூப்போட்டது மருமகள்.

"அவங்க வந்தா குடுக்கணும். பத்திரமா வெச்சிருக்கேன்."

"உங்களுக்கு இந்த ஜுரம் எத்தனை நாளா?"

"பொங்கல் கழிச்சிலருந்து. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் குளிரும். போவும். மறுபடி வரும்."

"நீங்க மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எங்க சார் ரத்தம் எடுத்தாங்க? விரலெல்லாம் அவங்களுக்கே செரியாப் பூடுச்சே."

முனிரத்தினம் எழுந்து வெளியே போய், ஒரு கொடியில் தொங்கிய யாருடைய துணியிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணைப் பிரிச்சு நீங்க சாப்பிடலாம் அம்மா. எல்லாம் ஒரே மாத்திரைதான்."

"அது ஏழுமலைது சார். நான் எப்டித் துன்றது?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், ஏற்கெனவே குத்திய விரலிலேயே ஒரு துளி எடுத்தேன். "இது என் பேர்லயா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அவர் பேரில் புதிய மாத்திரை கொண்டுவந்து, முனிரத்தினம் தினமும் எதிரில் நின்று விழுங்கவைப்பது என்று முடிவாயிற்று. புறப்படும்போது என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜுரம் கெடக்குது சார், அது வரும் போவும். வீட்ல ஆளில்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதுங்க வந்தா எங்க போவும்?"

திருப்பதிக்குத் திரும்பி மேடத்தின் எதிரில் நின்றேன். பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். கவுன், ஸ்வெட்டர், எட்டு மூட்டை. முடித்ததும் மேடம் போட்டோவை எடுத்து நேராக வைத்து, எட்டுப் பெயர்களையும் வாய்க்குள் படித்தார்.

"சரி. எட்டு மந்தி காது. எட்டுப் பேர் இல்லை. ஒரு ஆள்." போட்டோவைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நீ நினைக்கறதைச் சொல்லு" என்றார்.

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காரணத்தை எழுதினா யாராவது படிப்பாங்க மேடம். படிச்சா கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். அந்தம்மா பயந்தது நடக்கும்."

"தில்லிக்கு என்ன காரணம் சொல்றது?"

அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. ஆயுளில் ஒருமுறை கிடைக்கிற கண்டுபிடிப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும், ஏன் என்றும் சொல்லக்கூடாது, பொய்யும் எழுதமாட்டார். கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். வழக்கப்படி நான் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பிறகு பென்சிலை எடுத்து எழுதினார்: அந்த எட்டு மாதிரிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று மறு ஆய்வில் தெரிகிறது; மாதிரிகளைச் சேகரித்துக் கையாண்டதில் பிழை நேர்ந்திருக்கிறது; ஆகவே ஏழு மாதிரிகளை நீக்கி ஒன்றாகக் கொள்ளலாம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவன் என்ன நினைப்பான் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"படிச்சவங்க உன் கைத்தப்புன்னு நினைப்பாங்க. வேண்டாம்னா சொல்லு, இதைக் கிழிச்சுடறேன்."

"நினைக்கறதுதானே மேடம். பார்த்ததில்லையே."

மேடம் சிரித்து நான் பார்த்த ஒன்றிரண்டு தடவைகளில் அது ஒன்று. தில்லிப் பெரியவர் அடுத்த முறை வந்தபோது, என்னைக் காட்டி, "இவர்தானா அந்தச் சிந்தினவர்?" என்று விசாரித்தார். அலுவலகக் கோப்பில் என் பேரில் இருக்கிற ஒரே பிழை அது. நான் நிஜமாகச் செய்த பிழைகள் எந்தக் கோப்பிலும் இல்லை. நிர்வாகம் என்பது ஒட்டுமொத்தத்தில் நியாயமானதுதான்.

தேசம்மா மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். ஆடிக் கிருத்திகைக்கு ஏழுமலை மங்களூரிலிருந்து வந்தான். வந்த மறுநாளே அவனுக்குக் குளிர் எடுத்தது. பொங்கலுக்கு வந்தபோதும் இதே போல இருந்ததாம். கட்டடத்தில் எல்லோருக்கும் உண்டு, நான்கு மாத்திரை போட்டால் நின்றுவிடும் என்றானாம். முனிரத்தினம் இந்த முறை ரத்தத்தை அதற்கு உரியவனிடமே எடுத்தார். நீல மணிகள் நீலமாகவே வந்தன.

போட்டோவை மேடம் தலைகீழாக வைத்து என்னைக் கூப்பிட்டார். "இதுல ரெண்டு வரிசை ஒண்ணு. எது?"

காட்டினேன். மங்களூர்க் கோடு உட்பட, இம்மி பிசகாமல் ஒன்றுதான். தாய், மகன். பொங்கலுக்கு வந்தவன் உடம்பிலிருந்து ஒரு கொசு எடுத்து, தேசம்மாவிடம் கொடுத்திருக்கிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட ஒரு வம்சம் மூன்று பஸ் மாறி எங்கள் எல்லைக்கு வந்து சேர்ந்த வழி எங்கள் கண்ணெதிரே இரண்டு வரிசைக் கோடுகளாக நின்றது. மேடம் வெகு நேரம் பார்த்தார்.

"அந்த எட்டுல ஏழுமலைன்னு ஒண்ணு எழுதியிருந்ததே, அதுல ரத்தம்தான் அம்மாது. உள்ளே இருந்த கிருமி அவன்துதான்."

அதை அவர் எங்கும் எழுதவில்லை. எழுத எந்தப் பத்திரிகையிலும் பத்தி கிடையாது. சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். இயந்திரம் பழசாகி, புதியது வந்தது. இப்போது கிருமியின் மொத்த மரபணுவையும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறார்களாம். வகுப்பில் அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. படிக்கத்தான் கிருமி இல்லை.

எழுதப்படாததால் வீடுகள் ரத்தாகவில்லை. யாரும் திரும்பி வந்து குடியேறியதாகவும் நான் கேள்விப்படவில்லை. ஏழுமலையும் மாத்திரையை முடித்துக்கொண்டு மங்களூர் போய்விட்டான்.

சிகிச்சை முடிந்தவர்களிடம் சில மாதம் கழித்து ஒரு ஸ்லைடு எடுத்துப் பார்ப்பது விதி. ஐப்பசியில் நான் போனேன். தேசம்மா ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. விரலைக் குத்தும்போது முகத்தைச் சுளிக்கவில்லை.

"ஜுரம் வந்ததா அம்மா?"

"இல்ல சார்."

"இனிமே வராது. வேரோட போயிருக்கும்."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க சார். ஜுரம் ஏறிச்சின்னா எல்லா வூட்லயும் பேச்சு சத்தம் கேக்கும். என் தங்கச்சி புருஷன் ரேடியோ வெப்பான். மருமவ தண்ணிக் கொயாயாண்ட எவளோடவாச்சும் சண்ட புடிச்சிக்கினு இருப்பா. ஏழுமலை, யம்மா சோறு போடுன்னு கத்துவான். எழுந்து போய்ப் பாத்தா ஒர்த்தரும் இருக்கமாட்டாங்க, தெரியும். ஆனா படுத்துக்கினே கேட்டுக்கினு இருப்பேன். மாத்திர துன்னதிலருந்து ஒரு சத்தமும் இல்ல சார். கம்முனு கீது."

கடும் ஜுரத்தில் அப்படிக் கேட்கும் என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். உண்மையாகவே ஒரு சத்தமும் இல்லை.

திருப்பதி வந்து, இன்றுவரை மறக்க முடியாத அந்த ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நூறு இடம் பார்த்து எதுவும் இல்லையென்றால் நெகட்டிவ் என்று எழுதிவிடலாம். நூறு பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றாவது கிடைக்காதா என்று ஸ்லைடின் அந்தக் கோடிவரை நகர்த்தினேன், அடுத்த வரிசைக்கு இறங்கித் திரும்பி வந்தேன். உதவியாளர் வந்து விளக்கை அணைக்கட்டுமா சார் என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்றேன்.